பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் தீவின் பத்திரிகை

கடல் இல்லாத ஊருக்குப் போகிறவள் பையில் கருவாடு வைக்கக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தர்மபுரி பேருந்து நிலையத்தில் பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து வியர்வைகூட அடங்கவில்லை. முன் இருக்கையில் இருந்த இரண்டு பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெலுங்கில் எதையோ சொல்லிச் சிரித்தார்கள். மடியில் கோழிக்குஞ்சுப் பெட்டியோடு என் பக்கத்தில் இருந்த அம்மா அதை எனக்குத் தமிழாக்கித் தந்தார்.

"கடலையே மூட்ட கட்டிக்கினு வந்துட்டாளான்னு கேக்கறாங்க."

"ஓம், அப்பிடித்தான்" என்றேன்.

"மலையாளங்களா நீங்க?"

இல்லை, தமிழ்தான் என்றேன். அவர் நம்பவில்லை. மலையாளத்துக்காரி எவ்வளவு நன்றாகத் தமிழ் பேசுகிறாள் என்று முன் இருக்கைக்குச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு பெண்களும் திரும்பி என்னை மெச்சிப் பார்த்தார்கள். கருவாட்டுக் குற்றம் அத்தோடு மன்னிக்கப்பட்டது.

நான் யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள தீவுகளில் ஒன்றில் இருப்பவள். தீவின் பெயரை எழுதவில்லை. எழுதினால் லண்டனிலும் கனடாவிலும் இருந்து ஆட்கள் பிழை திருத்த வந்துவிடுவார்கள். வந்து குடியிருக்கச் சொன்னால் மட்டும் ஒருவரும் வரமாட்டார்கள். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். கலியாணம் செய்யவில்லை. எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு அடுப்பு எரிந்தது, இப்போது எரிவது என்னுடையது மட்டும். துறைமுகப் பக்கம் சில குடும்பங்கள் உண்டு, சைக்கிளில் நல்ல தூரம். பின்னேரத்தில் ஒரு வார்த்தை பேச ஆசை வந்தால் ஆட்டோடுதான் பேச வேண்டும். ஆடு நன்றாகக் கேட்கும். பதில்தான் சொல்லாது.

அப்படிப்பட்டவளுக்கு ஒவ்வொரு நாளும் விடிய ஒரு போன் வரும். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து கனகர் ஐயா. "காத்து எந்தப் பக்கம், பிள்ளை? படகு ஓடுதோ? ஆர் வந்தது, ஆர் போனது?" நலமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. போருக்கு முன்னம் எங்கள் தீவுக்கென்று ஒரு பத்திரிகை நடத்தியவர் அவர். எழுதுவதும் அவர், படகில் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து வீடு வீடாகப் போடுவதும் அவர். 'பத்திரிகைக் கனகர்' என்றால்தான் ஆளைத் தெரியும். பிறகு எல்லாரையும் போல ஓர் இரவில் வள்ளம் ஏறிப் போனவர், இந்தியாவில் முகாம் முகாமாக மாறிக் கடைசியில் தர்மபுரிப் பக்கம் ஒதுங்கிவிட்டார். பத்திரிகையை மட்டும் விடவில்லை. நான் சொல்லும் செய்தியை அங்கே ஒரு பலகையில் எழுதுகிறார் என்று தெரியும். அவரை நான் கடைசியாக நேரில் கண்டது இளவயதில்.

ஒரு நாள் போனில் காற்றைக் கேட்பதற்கு முன்பே, "வசந்தி குடும்பம் திரும்பி வரப் போகினம். நீர் ஒருக்கா வந்து கூட்டிக்கொண்டு போனால் நல்லது" என்றார்.

வசந்தி என் பக்கத்து வளவுக்காரரின் மகள். கைக்குழந்தையாகப் போனவள். கணவன், ஒரு பெண், ஒரு ஆண் பிள்ளை. என் வேலிக்கு அந்தப் பக்கம் நாலு பேர்! எனக்குக் கை கால் ஓடவில்லை. அவர்கள் கிணற்றை ஆள் பிடித்து இறைப்பித்தேன். வேலி அடைப்பித்தேன். கூரையில் குடியிருந்த வௌவால்களுக்கு அறிவித்தல் கொடுத்தேன். வெறும் வாயை மென்றவளுக்கு அவல் கிடைத்த மாதிரி, துறைமுகத்தில் கண்டவரிடமெல்லாம் சொன்னேன். இந்தப் பயணம் அதற்காகத்தான். பாஸ்போர்ட், விசா என்ற கடுதாசி வேலைகளைப் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை, அதை நினைத்தாலே தலையிடிக்கிறது.

பாதி வழியில் பஸ்ஸின் டயர் போய்விட்டது. நடத்துநர், "எல்லாரும் எறங்குங்க, இப்போதைக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டுத் தான் முதல் ஆளாக இறங்கிப் புளியமரத்தடியில் துண்டை விரித்தார். எங்கள் படகு நடுக்கடலில் நின்றால் எல்லாரும் கடவுளைக் கூப்பிடுவோம். இங்கே ஒருவரும் பதறவில்லை. ஆளுக்கொரு போனை எடுத்து வீட்டில் உள்ளவர்களைத் திட்டினார்கள். மரத்தடியில் கோழிக்குஞ்சு அம்மாவுக்கு நான் எந்த நாடு என்று சொன்னேன், அவர் தெரிந்த வண்டி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி, "ஸ்ரீலங்காக்காரம்மா, ஏத்திக்க" என்று என்னையும் ஏற்றிவிட்டார். மரவள்ளி நிறைத்த சிறிய லாரி. இங்கே அதற்குக் குச்சிக்கிழங்கு என்று பேர்.

பின்னால் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கொஞ்ச தூரம் வந்தேன். பிறகு ஓட்டுநர் பின்சன்னலைத் திறந்து, கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி, "ஸ்ரீலங்கான்னா, கனகரு அய்யா போர்டுல எழுதறாரே, அந்தத் தீவுங்களா?" என்றார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"டெய்லி படிப்பங்க. ரெண்டு நாளா நியூஸே போடல அவரு. நிருபர் ஊர்ல இல்லன்னு எழுதியிருக்காரு."

அந்த நிருபர் அவருடைய கிழங்கு மூட்டையில் சாய்ந்திருக்கிறாள் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. சொன்னேன். மனிதர் வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி வந்து, முன் கதவைத் திறந்து, என்னை முன் இருக்கைக்கு மாற்றினார்.

பாப்பிரெட்டிப்பட்டிக் கடைத்தெருவில் அன்வர் பாயின் டீக்கடை. தலை நிமிர்ந்தால் சித்தேரி மலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்வை எதிலாவது முட்டுகிற ஊர், எனக்கு முதலில் மூச்சு முட்டியது. கடைச் சுவரில் ஆளுயரத்துக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து, மேலே வெள்ளையில் 'தீவுச் செய்தி' என்று எழுதியிருந்தது. கீழே சோக்கட்டியால், அச்சடித்த மாதிரி எழுத்து: 'நிருபர் பயணத்தில் இருப்பதால் காற்று, படகு விபரம் இல்லை.' அதற்கும் கீழே வரலாறு. தெற்குக் கிணற்றை வெட்டியவர்கள் யார், முதல் நாள் உப்புத் தண்ணீர் வந்தபோது என்ன செய்தார்கள், பிறகு எப்படி இடம் மாற்றி நல்ல தண்ணீர் கண்டார்கள். ஒவ்வொரு நாளும் எழுதி, மறுநாள் விடிய அழித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். தெற்குக் கிணற்றடியில் நான் கால் கழுவாத நாளில்லை. அதை யார் வெட்டியது என்பது பாப்பிரெட்டிப்பட்டியில் டீ குடிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

லாரி ஓட்டுநர் அதற்குள் விஷயத்தைக் கடைக்குள் போட்டுவிட்டார். அன்வர் பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். "நீங்கதானுங்களா? வாங்க, வாங்க. ஒக்காருங்க. அந்த எஞ்சின் போட் ரிப்பேர்னு போட்டாரே, ஆயிடுச்சுங்களா?"

"ஆச்சு. இப்ப ஓடுது."

தலையில் துண்டு கட்டிய விவசாயி ஒருவர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். "கோயிலு அய்யரு மாடு செனையா இருந்துச்சே, கன்னு போட்டுச்சா?"

"போட்டது. பசுக்கண்டு."

"கெடேரி!" என்று அவர் பக்கத்தில் இருந்தவரின் தொடையில் அடித்தார். "நாஞ் சொன்னனா இல்லியா?"

தீவில் நான் கடற்கரைக்கும் கோயிலுக்கும் சைக்கிளில் அலைந்து சேர்க்கும் இந்தச் செய்திகளைத் தீவில் ஒருவர் கேட்டதில்லை. கேட்கிறவர்கள் இங்கே, மலைக்குக் கீழே, கடலையே காணாதவர்கள். அன்வர் பாயின் டீ எங்கள் ஊர்த் தேத்தண்ணியைவிட இரண்டு மடங்கு இனிப்பு. குடித்து முடித்தேன்.

கனகர் ஐயா அப்போதுதான் வந்தார். எண்பது தாண்டிய உடம்பு, தேய்த்த வேட்டி, சட்டைப் பையில் சோக்கட்டி. என்னைப் பார்த்தார். வா என்று சொல்லவில்லை, பயணம் எப்படி என்று கேட்கவில்லை.

"காத்து எந்தப் பக்கம், பிள்ளை?"

"ஐயா, நான் இங்கயெல்லோ நிக்கிறன்!"

"வெளிக்கிடேக்கை?"

"சோளகம்."

போய்ப் பலகையில் 'நிருபர் புறப்பட்ட அன்று காற்று: சோளகம்' என்று எழுதிவிட்டு வந்துதான் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு என் கையைப் பிடித்தார். விரல்களெல்லாம் சோக்கட்டிப் பொடி.

மறுநாள் முழுவதும் வசந்தி வீட்டில். முகாம் ஊருக்கு வெளியே, அணைக்கட்டுப் பக்கம். வரிசை வரிசையாக வீடுகள், வாசலுக்கு வாசல் கோலம், ஒன்றுக்கொன்று இடித்துக்கொண்டு. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் நாலு வீட்டில் தும்முகிறார்கள். எனக்கு அது சொர்க்கமாகத் தெரிந்தது. வசந்தி கணவன் ஓசூரில் பெயின்ட் வேலை, வாரக் கடைசியில்தான் வருவான். பெண் கீர்த்தனாவுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். தம்பி அவள் பின்னாலேயே திரிகிறவன்.

வசந்தி களி கிண்டி, நான் கொண்டுபோன கருவாட்டில் குழம்பு வைத்தாள். கேழ்வரகை, எங்கள் ஊர்க் குரக்கனை, நாங்கள் புட்டாக அவிப்போம், பொலபொலவென்று உதிரும். இங்கே அதை உருண்டையாக்கி, மெல்லாமல் விழுங்க வேண்டுமாம். நான் மென்றேன். பல்லில் ஒட்டிக்கொண்டு படாத பாடு பட்டேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"கடிக்காதீங்க ஆன்ட்டி, அப்பிடியே உள்ள வுடுங்க!" என்றாள் கீர்த்தனா. அவள் பேச்சில் எங்கள் ஊர் ஒரு சொட்டும் இல்லை. வசந்தியின் பேச்சு பாதிப் பாதி. தாய் சொல்லிக் கொடுத்த 'ஓம்' மட்டும் விழாமல் நிற்கிறது.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு கீர்த்தனா உள்ளே ஓடிப் போய், உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். வெள்ளைச் சட்டை, மடிப்பு வைத்துத் தைத்த எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட உடுப்பு. கனகர் ஐயாவிடம் கேட்டுக் கேட்டு வசந்தியே தைத்தாளாம்.

"கரெக்டாங்க?" என்று சுற்றிக் காட்டினாள் பெண்.

"தீவுல ஸ்கூல் எத்தன மணிக்கு அக்கா?" என்றாள் வசந்தி. "நம்ம வூட்டுலருந்து நடந்தே போயிடலாம்னு அம்மா சொல்லுவாங்க. ஓமா?"

இவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இந்த ஆண்டு தொடக்கத்தில் பள்ளிக்கூடம் திறக்கவில்லை. பிள்ளைகள் இல்லை என்று மூடிவிட்டார்கள். துறைமுகப் பக்கத்தில் மிஞ்சிய மூன்று நாலு பிள்ளைகள் பக்கத்துத் தீவுக்குப் படகில் போகிறார்கள், சோளகக் காற்று பலமாக வீசினால் அதுவும் இல்லை. இதை நான் கனகர் ஐயாவிடம் அன்றைக்கே போனில் சொன்னேன். அவர் 'ம்' என்று கேட்டுக்கொண்டார். அவர் எழுதியிருப்பார், எல்லாருக்கும் தெரியும், தெரிந்துதான் வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நடந்து போற தூரம்தான்" என்றேன். அது பொய்யும் இல்லை. நல்ல வெயில் என்றும் பாராமல், ஐயாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

கனகர் ஐயா பின்னேரங்களில் அணைக்கட்டில் போய் உட்காருவார் என்றார்கள். போனேன். தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார். எனக்கு வந்த கோபத்தில் மரியாதை பார்க்கவில்லை.

"ஐயா, பள்ளிக்கூடம் மூடினதை நீங்கள் ஏன் பலகையில போடேல்லை?"

"போடேல்லைத்தான்."

"எஞ்சின் பழுதானதைப் போடுவியள். ஐயற்ற மாடு கண்டு போட்டதைப் போடுவியள். இதை மறைச்சுப் போட்டியளே!"

"மறைக்கேல்லை, பிள்ளை. வைச்சிருந்தனான்." அவர் என்னைப் பார்க்கவில்லை. "கெட்ட சேதி கடல் தாண்டிப் போனிலயும் கடுதாசியிலயும் போகப்படாது, ஆள் போய்ச் சொல்ல வேணும். உமக்குத் தெரியாதே எங்கட ஊர் வழக்கம்?"

தெரியும். தெரியாமல் என்ன? எங்கள் தீவில் சாவோ, நட்டமோ, அக்கரையில் இருக்கிறவருக்குச் சொல்ல ஒரு ஆள் படகேறிப் போவார். போய் வாசலில் நின்று சொல்வார், உள்ளே போகமாட்டார், தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார். தபால் கந்தோரில் நான் இருந்த காலத்திலும் தந்தி வந்தால் வாங்கி வைத்துவிட்டு ஆளைத்தான் அனுப்புவார்கள். கனகர் ஐயாவும் தன் பத்திரிகையில் மரண அறிவித்தலை, எல்லா உறவுக்கும் ஆள் போய்ச் சொன்ன பிறகுதான் அச்சில் போடுவார். அந்த ஒழுக்கத்துக்குப் பேர் போனவர். போன் வந்து எத்தனை காலம் ஆகிவிட்டது! இந்த மனிதர் இன்னும் ஆளுக்குக் காத்துக்கொண்டிருக்கிறார்.

"அப்ப ஆர் வந்து சொல்லுறது எண்டு இருந்தனீங்கள்?" என்று கேட்டேன். கேட்கும்போதே விளங்கிவிட்டது.

"நீர் வந்திட்டீர்" என்றார்.

பிறகு தானாகவே சொன்னார். "வசந்தி, பலகையில பள்ளிக்கூடம் பற்றி ஒண்டும் வரேல்லை எண்டால் எல்லாம் வழமை போல நடக்குது எண்டு எடுத்திட்டாள். அது எனக்குத் தெரியாமல் போச்சு. உடுப்புத் தைக்கக் கேட்டு வந்த அண்டைக்குத்தான் தெரிஞ்சுது. அண்டைக்கும் எனக்கு வாய் வரேல்லை. உமக்குப் போன் எடுத்தன், வாரும் எண்டு."

கோபப்படவும் ஆளில்லாமல் போய்விட்டது. கிழவர் அழுதுகொண்டிருந்தார்.

அதற்கு மறுநாள் வசந்தி என்னை அரூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சாமான் வாங்க வேண்டுமாம். தீவில் கிடைக்காது என்று அவள் நினைத்த எல்லாவற்றையும் வாங்கினாள், குக்கருக்கு ரப்பர் வளையம், விதைக் கேழ்வரகு, தம்பிக்குச் செருப்பு. கடைக் கடையாக, "அக்கா, இது அங்க கெடைக்குமா? அது கெடைக்குமா?" என்று கேட்டாள். நானும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். அரூர்க் கடைத்தெருவில் வெயில் கொளுத்துகிறது, லாரிகள் புழுதி வாரிக் கொட்டுகின்றன, ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளிக்கொண்டு போகிறார்கள். எனக்கு அவ்வளவும் பிடித்திருந்தது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக ஒரு ஆள் இருந்தாள். ஹோட்டலில் பரோட்டா தின்றோம். அவள் தன் தட்டில் இருந்ததைப் பிய்த்து என் தட்டில் வைத்தாள்.

உண்மையைச் சொல்கிறேன், சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் அன்று பகல் முழுவதும் இருந்தேன். கூட்டிக்கொண்டு போய்விட்டால் என்ன? போய்ப் பார்த்தபின் திரும்பியா வரப் போகிறார்கள்? பிள்ளைகள் வந்தால் பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சொல்லி எழுதிப் போடலாம். திறக்காவிட்டால் நான் சொல்லிக் கொடுப்பேன். வசந்தி வேலிக்கு மேலால் எட்டி, "அக்கா, சீனி கொஞ்சம் தாங்க" என்று கேட்பாள். நானும் கேட்பேன், சீனி இருந்தாலும் கேட்பேன். நினைக்க நினைக்க ஆசை ஊறியது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "பயமாத்தான் இருக்கு அக்கா. முகாம் பதிவுல ஒருக்கா பேரு வெட்டிட்டா வெட்டினதுதான், திரும்ப ஒட்டமாட்டாங்களாம். அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. நாந்தான், ஊருன்னு ஒண்ணு இருக்கு, வூடு இருக்கு, பிள்ளைங்களுக்கு ஸ்கூல் இருக்கு, போர்டுல தெனமும் பாக்கறமில்லன்னு சண்ட போட்டு ஒத்துக்க வெச்சன்."

கனகர் ஐயாவின் பலகையை நம்பி ஒரு பெண் தன் குடும்பத்தின் பேரை வெட்டக் கொடுக்கப் போகிறாள். அதற்குமேல் எனக்கு ஆசை ஊறவில்லை. வெட்கமாக இருந்தது.

முகாமில் இறங்கியதும் அவள் முன்னால் போய்ச் சாமான்களை வைத்துவிட்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வெயில் இன்னும் இருந்தது. நான் வாங்கவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்றேன்.

"ஏன் அக்கா வாசல்லயே நிக்கறீங்க? உள்ள வாங்க."

அவளுக்கு அந்த வழக்கம் தெரியாது. பக்கத்து வீடு கனகர் ஐயாவுடையது, வாசலில் இருந்த அவருக்குத் தெரியும். என்னைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"வசந்தி, தீவில பள்ளிக்கூடம் இல்லை. இந்த வருசம் மூடிட்டினம். படிக்கிற பிள்ளையள் இல்லை எண்டு."

சொம்பு அவள் கையில் அப்படியே இருந்தது. "இந்த வருசமா?" என்றாள். "அப்ப இவ்வளவு நாளா…"

"ஐயாவுக்கு நான்தான் சொன்னனான். எங்கட வழக்கப்படி கெட்ட சேதியை ஆள் வந்துதான் சொல்ல வேணும். அதுக்காக அவர் எழுதேல்லை. ஆளாய் நான் வந்திருக்கிறன்."

அவள் கனகர் ஐயாவைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கீர்த்தனாதான் பேசினாள்.

"ஸ்கூல் இல்லன்னா பரவால்லிங்க ஆன்ட்டி. போட்ல போய்க்கலாம். நம்ம வூட்டாண்ட வெளையாட பசங்க இருக்காங்களா?"

"இல்லை."

"பக்கத்துத் தெருவுல?"

"இல்லை, அம்மா."

"அப்ப யாருதாங்க இருக்காங்க அங்க?"

நான் இருக்கிறேன் என்றேன். அவள் தம்பியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். வசந்தி அழத் தொடங்கியது அதன் பிறகுதான். நான் உள்ளே போய் அவளைப் பிடித்துக்கொள்ளவில்லை. போகக் கூடாது. அந்த வழக்கத்தை உண்டாக்கிய என் முன்னோரை அன்றைக்கு வாயாரத் திட்டினேன்.

விடிந்ததும் கனகர் ஐயா பலகையை அழித்தார். ஈரத் துணியால் இரண்டு தரம் துடைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். 'தீவுப் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. இச்செய்தி ஆண்டின் தொடக்கத்திலேயே வந்தும் வெளியிடப்படவில்லை. பிழை ஆசிரியருடையது' என்று எழுதினார். அன்றைக்கு வரலாறு எழுதவில்லை. சோக்கட்டியைச் சட்டைப் பைக்குள் போடும்போது அது இரண்டாக முறிந்து கீழே விழுந்தது.

அன்வர் பாய் சத்தமாக வாசித்தார். "அட பாவமே, மூடிட்டாங்களா?" என்றார் துண்டு கட்டிய விவசாயி. "ரோட்டோரமா மஞ்சக் கலரு பில்டிங்குன்னு எழுதினாரே, அதுதானே?" அதுதான் என்றேன். கிழங்கு லாரிக்காரர் வண்டியை விட்டு இறங்கி வந்து படித்துவிட்டு, வண்டிக்குத் திரும்பாமல் நின்றார். சாவு வீட்டில் நிற்பது போல எல்லாரும் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். எங்கள் தீவில் அது மூடப்பட்ட நாளில், கதவுக்குப் பூட்டுப் போட்டவரையும் என்னையும் தவிர ஒருவரும் இல்லை.

என்னைப் பஸ் ஏற்றிவிடக் கனகர் ஐயாவோடு வசந்தி வந்தாள். கண் வீங்கியிருந்தது. கணவனோடு பேசிவிட்டாளாம். "நாங்க வரல அக்கா" என்றாள். "கோவமில்ல. நீங்க சொன்னது நல்லதுதான். ஆனா வரல." என் பைக்குள் நேற்று வாங்கிய விதைக் கேழ்வரகை வைத்தாள். "உங்களுக்கு ஒருக்கா போட்டுப் பாருங்க" என்றாள். சரி என்றேன். வாங்கோ என்று ஒரு தரம் கனகர் ஐயாவிடமாவது சொல்லிப் பார்க்க நினைத்தேன்.

"ஐயா, நீங்கள் வரலாம்தானே? உங்கட வீட்டுச் சுவர் நிக்குது."

"நான் வந்தால் பலகையை ஆர் எழுதுறது, பிள்ளை?" என்றார். பிறகு பஸ் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வசந்தி ஆக்கள் வரேல்லை எண்ட சேதியைப் போனில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். நீர் நேரில போய்ச் சொல்லும்" என்றார்.

"துறைமுகத்து ஆக்களுக்குப் போற வழியில சொல்லிப்போடுவன். ஒழுங்கையில ஆருக்கு ஐயா சொல்லுறது?"

அவர் கையை எடுத்துக்கொண்டார். பஸ் புறப்பட்டது. பாப்பிரெட்டிப்பட்டி முடிந்து குச்சிக்கிழங்குத் தோட்டங்கள் வந்தன, மலை பக்கவாட்டில் கொஞ்ச தூரம் கூடவே வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார், ஊருக்கு என்றேன். எங்கள் வழக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். கெட்ட சேதி கொண்டு போகிறவள் வாசலில் நின்று சொல்ல வேண்டும், உள்ளே போகக் கூடாது. ஒழுங்கையில் கேட்க இருப்பதும் நான் ஒருத்திதான், நான் போய் என் வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும்.